குட்டிகளை ஆலங்குளத்துக்கு அனுப்பிய வாரம்

நானும் செவலையும் ஒரே சமயத்தில் சினையாக இருந்தோம். என் மாமியார் வீட்டில் இப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டில் இப்படித்தான் சொன்னார்கள். தலைப்பிரசவத்துக்காக அப்பா என்னை மதுரையிலிருந்து அழைத்து வந்து வாசலில் இறக்கியபோது, கையில் அகத்திக் கட்டோடு ஆட்டுக்கொட்டகையிலிருந்து வந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி, செவலைக்கும் உனக்கும் வயிறு ஒண்ணுபோல இறங்கியிருக்கு. யாரு முந்துதான்னு பாப்போம்" என்றாள். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள், இல்லாவிட்டால் ஏதாவது கடை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். அப்பா தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகிற வழியில் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடம் வாங்கி, ஓட்டு வீடு கட்டி, செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போய் தலைச்சேரி ஆடுகளைப் பிடித்து வந்தார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கறிக்கு ஆடு வளர்ப்பார்கள், பாலுக்கு யாராவது வளர்ப்பார்களா என்று கேட்டார்கள். குற்றாலத்தில் ஒரு வைத்தியசாலையும், பச்சைக் குழந்தை இருக்கிற நாலைந்து வீடுகளும் எங்கள் பாலை வாங்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

அப்பா ஆடுகளை ஸ்டேஷனுக்கு வந்த ஆட்களை அதட்டுகிற மாதிரியே அதட்டுவார். "சவம், வரிசையில வா" என்பார். ஆடுகள் அவரை ஒரு நாளும் மதித்ததில்லை. அம்மா நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எல்லாம் அவளிடம் போய் நிற்கும். கறப்பது, குட்டி போடும்போது ஏந்தி வாங்குவது, பால் வற்ற வைப்பது, வயிறு உப்பினால் எண்ணெய் கொடுப்பது எல்லாம் அவள்தான். எதிலும் அவளுக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கும் அவளுக்கும் சின்ன வயதிலிருந்து ஒத்துப்போகாது. சந்தேகமே வராதவர்களோடு ஒரு வீட்டில் இருப்பது கஷ்டம்.

அது சீசன் மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது எங்கள் வீட்டில் வேலை இரண்டு மடங்காகும். வெள்ளாட்டுக்கு மழை ஆகாது. மேலே நாலு துளி பட்டால் உயிர் போகிறதுபோல ஓடும். எங்கள் கொட்டகை இடுப்பு உயரத்தில் மரச்சட்டம் அடித்துக் கட்டியது. சாரல் விழத் தொடங்கினால் ஆடுகள் அதை விட்டுக் கீழே இறங்காது. அப்பா இலையும் கிளையுமாகக் குழை வெட்டிச் சுமந்து வந்து கட்டித் தொங்கவிட வேண்டும். அவர் நனைந்துகொண்டே வர, ஆடுகள் மேலே நின்று அவரை வேடிக்கை பார்க்கும். "ரிட்டயர்டு ஆன பிறகுதான் உங்களுக்கு உண்மையான அதிகாரிங்க வாய்ச்சிருக்காவ" என்று அம்மா அவரைச் சீண்டுவாள்.

ஒரே முருங்கை மரத்தின் கீரையை எனக்கும் கொடுத்தாள், செவலைக்கும் கொடுத்தாள். செவலை என்பது அவள் நிறம், பெயர் அல்ல. எங்கள் வீட்டில் ஆட்டுக்குப் பெயர் வைக்கிற பழக்கம் இல்லை. அந்தச் செம்பட்டை ஆடும் நானும் சாயங்காலங்களில் ஒன்றாகத்தான் நடந்தோம். சாரல் விட்ட நேரமாகப் பார்த்து வேலி ஓரமாகப் போய்த் திரும்புவோம். எனக்கு மூச்சு வாங்கினால் நான் நிற்பேன். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவள் நிற்பாள்.

செவலை முந்தினாள். ஒரு மத்தியானம் என்னை முக்காலி போட்டு உட்காரச் சொல்லி, எதிரிலேயே அம்மா இரண்டு குட்டிகளை வாங்கினாள். ஒன்று தாயைப் போல, இன்னொன்றுக்கு நெற்றியில் வெள்ளை. மூக்கைத் துடைத்து, கொடியை அறுத்து, குட்டிகளைத் தாயின் முகத்தருகே போட்டுவிட்டு, "பாத்துக்கோ. இதுல என்ன பயம் கிடக்கு?" என்றாள். எனக்குப் பயம் போனது. அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் கவலையில்லாமல் இருந்த வாரங்கள் என்று இப்போது நினைக்கிறேன். குட்டிகள் என் கட்டில் மேல் ஏறும். என் வயிற்றின் மேல் காலை வைக்கும். உள்ளிருந்து பதிலுக்கு ஒரு உதை வரும். பால் வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "வீட்டுல பிள்ள அழுது, பிரசவம் ஆயிட்டா?" என்று கேட்பார்கள். குட்டியின் சத்தம் அப்படியே கைக்குழந்தையின் சத்தம்தான். நாங்கள் சிரிப்போம்.

ஒரு நாள் காலையில் எழுந்ததிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை. சீனி போட்டுப் பால் குடித்துப் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தேன். அம்மா வந்து வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு வெளியே போய் அப்பாவைக் கார் பிடிக்கச் சொன்னாள். எத்தனையோ வயிறுகளில் குட்டியைத் தேடிப் பார்த்த கை அது. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

தென்காசியில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் உடனே அறுத்து எடுத்தார்கள். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது என்றார்கள். யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் நம்புகிறேன். யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். யாரையாவது திட்டியிருப்பேன்.

மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்றார்கள். எங்கே என்று கேட்டேன்.

"அப்பா கொண்டு போயிட்டாவ" என்றாள் அம்மா. "நம்ம இடத்துலயே நல்லபடியா வச்சாச்சு. நீ பாக்காண்டாம்ட்டி. பாத்தா மறக்க முடியாது."

அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா சொன்னாள். தரை துடைக்க வந்தவள் சொன்னாள். ஆலங்குளத்திலிருந்து அம்மாவின் தங்கை, என் சித்தி, போனில் சொன்னாள். பார்க்காமல் இருந்தால் மறந்துவிடலாம் என்பது அத்தனை பேருக்கும் எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உள்ளே இருந்துகொண்டு என் விலாவை உதைத்தவள். நான் வலது பக்கம் படுத்தால் கோபித்துக்கொள்கிறவள். முகம் தெரியாது என்பதற்காக அவளை நான் மறந்துவிடுவேனா?

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். வடக்கே எங்கேயோ ஒரு மலையிலிருந்து லாரி, ரயில், விமானம் என்று மாறி மாறி வந்து சேர்ந்தபோது அவருக்கும் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். திரும்பிப் போனார். தினமும் போன் செய்வார். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்போம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எனக்குப் பால் கட்டிக்கொண்டது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தை இல்லை என்கிற செய்தி என் மார்புக்குப் போய்ச் சேரவில்லை. கல்லாக இறுகி, காய்ச்சல் கண்டு, சேலை நனைந்தது. அம்மா அப்பாவை பூ மார்க்கெட்டுக்கு அனுப்பி மல்லிகைப்பூ வாங்கி வரச் சொன்னாள். நெருக்கமாகத் தொடுத்து என் மார்பைச் சுற்றி வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். பாலிருந்து பிள்ளையில்லாத பெண்களுக்கு எங்கள் பக்கம் இப்படித்தான் கட்டுவார்கள். பால் வற்றிவிடும். காலையில் கட்டியதைச் சாயங்காலம் அவிழ்த்துப் புதுப்பூ வைப்பாள். அவிழ்த்த பூ வெந்த கீரைபோல இருக்கும். அந்த அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. வார்டில் மற்றவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். யாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிழியாத. பிழிஞ்சா இன்னும் ஊறும்" என்பாள் அம்மா. "தண்ணி அளவாக் குடி. கீரை வேண்டாம்."

எனக்கு இது எல்லாமே தெரியும். பால் வற்ற வைக்க வேண்டிய ஆட்டுக்கு அவள் செய்வது இதுதான். பச்சையைக் குறைப்பாள், தண்ணீரைக் குறைப்பாள், மடியை முழுக்கக் கறக்காமல் விடுவாள். அவள் கைக்கு இதிலெல்லாம் தப்பு வராது, வற்ற வைத்துவிடுவாள் என்று தெரியும். எனக்கு அது வற்ற வேண்டாம் என்றிருந்தது. அந்தக் குழந்தை எனக்கென்று விட்டுப் போனது அந்தப் பால் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தபோது வாசல் கழுவிவிட்டிருந்தது. உள்ளே குழந்தைக்கென்று வாங்கி வைத்த ஒரு பொருளும் இல்லை. இது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் கட்டிலில் படுத்து ரொம்ப நேரம் ஆகியும் இன்னும் எதுவோ குறைகிறது என்று தோன்றியது. பிறகுதான் தெரிந்தது. குட்டிகளின் சத்தம் இல்லை.

"குட்டி ரெண்டும் எங்கம்மா?"

"ஆலங்குளத்துக்கு அனுப்பியாச்சு. உன் சித்தி வீட்டுல ஒரு மாசம் கிடக்கட்டும். அங்கனயும் பாலாடு நிக்குது, குடிச்சிக்கிடும்." போர்வையை இழுத்துவிட்டபடி வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள். "பிள்ள அழுத மாதிரியே கத்துதுல்லா. நீ கேக்காண்டாம்னுதான்."

எனக்காகச் செய்தாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. குட்டி கத்தினால் தாயாட்டுக்கு மடி சுரக்கும், அதேபோல எனக்கும் சுரந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் செவலையை அனுப்பவில்லை. செவலையின் பாலை நம்பி ஊரில் கைக்குழந்தைகள் இருந்தன. அப்பா தினமும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அதனால் குட்டிகளை மட்டும் அனுப்பினார்கள்.

அவர்கள் என் காதுக்கு மறைக்க நினைத்தது குட்டியின் குரலை. தாயின் குரலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இரண்டு பேருமே ஆட்டோடு வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துகிறவர்கள். என் மேல் இருந்த கவலையில் அது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை.

செவலை முன்னங்கால்களை கேட்டின் மேல் வைத்து ரோட்டைப் பார்த்து நிற்பாள். குட்டிகளை ஏற்றிப் போன லோடு ஆட்டோ அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நின்று கத்துவாள். கொஞ்சம் நிறுத்தி, காதை நிமிர்த்தி, பதில் வருகிறதா என்று கேட்பாள். பிறகு மறுபடியும் கத்துவாள். கறக்கப் போனால் பாலை அடக்கிக்கொண்டாள். அம்மாவையே உதைத்தாள், செம்பு உருண்டது. அம்மாவை ஒரு ஆடு உதைத்து நான் பார்த்தது அப்போதுதான். நாள் போகப் போக குரல் கம்மி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

அப்பா ஜன்னலைச் சாத்தினார். டிவியில் எதையோ சத்தமாக வைத்தார். ஒரு தடவை வெளியே போய், "ஏலே, சும்மா இருக்க மாட்டியா" என்று அதட்டினார். சவம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டையும் பார்த்துச் சொல்லவில்லை.

செவலை கத்துகிறபோதெல்லாம் எனக்குப் பால் வந்தது. இறுக்கிக் கட்டிய பூவையும் துணியையும் மீறி வந்தது. அம்மா வந்து அவிழ்த்து, நனைந்த பூவை எடுத்துவிட்டு வேறு பூ வைத்துக் கட்டினாள். ஏன் வற்றவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒரு மத்தியானம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மற்ற ஆடுகள் எல்லாம் கொட்டகையில் ஒடுங்கிக்கொண்டு நின்றன. செவலை மட்டும் கேட்டருகில் நின்றாள். முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, காதிலிருந்து தண்ணீர் சொட்ட, ரோட்டைப் பார்த்து நின்றாள். வெள்ளாடு மழையில் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுந்தேன். தையலைக் கையால் தாங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "பச்ச உடம்புட்டி. நனையாத. உள்ள வா."

"இதுவும் பச்ச உடம்புதான். இத யாரும் உள்ள கூப்பிடலியே."

"ஆட்டுக்கும் உனக்கும் ஒண்ணா?"

"ஒண்ணா இருந்தாத் தேவலையேம்மா" என்றேன். எனக்குக் குரல் உயரவில்லை. உயரும் என்று நினைத்தேன், உயரவில்லை. "செத்துப் பொறந்த குட்டியக்கூட தாய்க்கு முன்னால போடுவியே. நக்கட்டும்னு விடுவியே. எனக்கு மட்டும் ஏம்மா காட்டல?"

நான் காலேஜில் படித்தபோது கறுப்பு ஆடு ஒன்று செத்த குட்டி போட்டது. அப்பா எடுத்துப் புதைக்கப் போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீய. அது பாக்கட்டும்" என்றாள். அந்தக் குட்டி நாள் முழுக்க வைக்கோலில் கிடந்தது. கறுப்பாடு நக்கியது. மூக்கால் தள்ளி எழுப்பிப் பார்த்தது. மெல்லக் குரல் கொடுத்தது. பொழுது சாய்கிற நேரத்தில் தானாகவே இரண்டு அடி பின்னால் போய் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குழை தின்னப் போனது. அதற்குப் பிறகுதான் அம்மா குட்டியை எடுக்கவிட்டாள். பார்க்காமல் எடுத்துவிட்டால் நாள்கணக்காக மூலை மூலையாகத் தேடும் என்று அன்றைக்கு எனக்குச் சொன்னவள் அவள்தான்.

அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையிலிருந்த சாக்கு நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சாரலில் மூன்று பேரும் நின்றோம்.

"நானும் பாக்கலட்டி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"துணியில சுத்திக் கொண்டாந்தாவ. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நான் பாத்திருந்தா நீ என் மூஞ்சிய வச்சே கேட்டுருவ. நானும் சொல்லிருவேன். எல்லாரும் சொல்லக்கூடாதுன்னாவ. அதான் பாக்கல." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். சாரலில் துடைத்து என்ன பயன். "என் மவ பெத்த பிள்ளய நான் பாக்கலட்டி."

அவ்வளவு நாளும் அவளைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் ஒவ்வொரு வேளையும் பூ வைத்துக் கட்டியபோது ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கு இப்போது தெரிந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்குப் போனார். பொழுது இருக்கும்போதே லோடு ஆட்டோவில் குட்டிகளோடு திரும்பினார். அங்கே சித்தி பிரியமாக இரண்டையும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியிருந்தாள். செவலை பாய்ந்து வந்து மோந்து பார்த்தாள். சத்தம் தன் குட்டியுடையது, வாசனை வேறு யாருடையதோ. பின்வாங்கினாள். வெள்ளை நெற்றிக்காரனை முட்டித் தள்ளினாள். குட்டிகள் கத்தின. அம்மா செவலையின் மடியிலிருந்து ஒரு கை பாலைப் பீய்ச்சி இரண்டு குட்டிகளின் முதுகிலும் வாலிலும் தடவினாள். தடவிவிட்டு ஒதுங்கினாள். செவலை மறுபடியும் மோந்தாள். ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு காலை அகட்டி நின்றாள். இரண்டும் மடியில் முட்டி முட்டிக் குடித்தன.

அதைப் பார்த்துக்கொண்டு நானும் அப்பாவும் கொட்டகைப் படியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாரல் விட்டிருந்தது. மலைப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"நீங்க பாத்தீயளாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா எத்தனையோ பிரேத விசாரணைகளில் நின்றவர். எந்த உடம்பைப் பார்த்தாலும் தலையிலிருந்து கால் வரை சொல்லத் தெரிந்தவர். அப்படித்தான் தொடங்கினார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

"பெண் குழந்தை. மாநிறம். தலைமுடி கறுப்பு, நிறைய. நெத்தி வரைக்கும் முடி கிடந்துச்சு."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தூங்குத மாதிரிதான்."

"மூக்கு யாரு மாதிரி?"

"உங்கம்மா மூக்கு" என்றார். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "வலது கை மூடியிருந்துச்சு. இடது கை விரிஞ்சிருந்துச்சு. நான் அதுல என் விரல வச்சேன்."

அதற்கு மேல் அவரால் விசாரணை மாதிரிச் சொல்ல முடியவில்லை.

"கார்ல மடியிலதான் வச்சிருந்தேன். டிரைவர மெதுவாப் போகச் சொன்னேன். சீக்கிரம் வந்து என்ன செய்ய? வந்து இறங்குனப்புறம் குழி வெட்டுதவன் காத்துக்கிட்டு நின்னான். நான் நேர அங்கன போகல. வீட்ட ஒரு சுத்து சுத்திக் காட்டுனேன், புத்தி பேதலிச்ச கோட்டிக்காரனாட்டம். இது ஆச்சி வீடு, இது ஆடு, இது உங்க அம்மா நடந்த வேலின்னு சொன்னேன். ஆடெல்லாம் பாத்துக்கிட்டு நின்னுச்சு."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதது, கணவர் வந்தபோது அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது. யாரும் என்னை அழாதே என்று சொல்லவில்லை.

"எனக்கு அந்த இடத்தக் காட்டுங்க" என்றேன்.

பிரசவித்த பெண் அங்கே போகக்கூடாது என்பார்கள். அம்மா அதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மேற்கு மூலையில், நாரத்தை மரத்தைத் தாண்டி, முள் வெட்டிப் பரப்பியிருந்தது. ஆடோ நாயோ மிதித்துவிடக் கூடாது என்று அப்பா போட்டது. எங்கள் வேலி முள்தான். அவர் குனிந்து ஒவ்வொரு கிளையாக எடுத்துத் தள்ளி வைத்தார். கீழே சின்ன இடம். ஒரு முறம் வைத்தால் மறைந்துவிடும். மண் இன்னும் புதுசாக இருந்தது. அவ்வளவு சின்ன இடமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"தலை எந்தப் பக்கம்ப்பா?"

அப்பா கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டார்.

"தெக்க தலை வச்சு மல்லாத்தி வைக்கணும்னான் குழி வெட்டுனவன். அதான் முறையாம். எனக்கு மனசு கேக்கல. ஒருச்சாய்ச்சு வச்சேன். வீட்டப் பாத்து படுத்திருக்கா."

நான் நின்றுகொண்டிருந்தது மலைப் பக்கம். அவளுடைய முதுகுப் பக்கம். மண்ணைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தேன். அம்மாவும் வந்தாள். இரண்டு பேரும் அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தோம்.